தாழ்ப்பாள் உள்ளே, பூட்டு வெளியே

சென்ற கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். தெருமுனை இரும்புக் கேட்டை இரவு பத்து மணிக்குப் பூட்டலாமா, வேண்டாமா என்ற பேச்சு சூடேறியபோது பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "கேட்டுக்குப் பூட்டுப் போடறது அப்புறம் இருக்கட்டும், மொதல்ல எங்க வாய்க்குப் பூட்டுப் போடாதீங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம், சூடும் கொஞ்சம் தணிந்தது. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டான்: "சார், வாய்ப்பூட்டுன்னு நாம சொல்றது இங்கிலீஷ்லேருந்து வந்ததா? அவங்கதான் லாக்அப், லாக்அவுட், லாக்டவுன்னு எல்லாத்துக்கும் லாக் போடறாங்க." டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத கேள்வி. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆங்கிலக்காரர் பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்று ஒரு தொடர் உண்டு. ஒன்றுவிடாமல், முழுசாக என்று பொருள். கடையின் பூட்டு, உள்ளே இருக்கும் சரக்கு, பீப்பாய் எல்லாம் சேர்த்து என்று பலர் விளக்கம் சொல்வார்கள். என் வாத்தியாரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அது தப்பு. மூன்றும் துப்பாக்கியின் உறுப்புகள். லாக் என்பது மருந்தைப் பற்றவைக்கும் விசைப்பகுதி, ஸ்டாக் என்பது மரக்கட்டை, பேரல் என்பது குழல். வால்டர் ஸ்காட் 1817-ல் எழுதிய ஒரு கடிதத்தில், மூன்றும் மாற்ற வேண்டிய நிலையில் இருந்த ஒரு மலைநாட்டானின் துப்பாக்கியை உவமையாகச் சொல்கிறார். அந்தத் துப்பாக்கி வழக்கொழிந்து போனது. சொல் மட்டும் நின்று, கடைக்காரர் கதை ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. பொருள் மறந்துபோன சொல்லுக்கு மக்கள் புதுப்பொருள் கட்டிக்கொடுப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

மற்றபடி ஆங்கிலத்தில் பூட்டு ஒன்றே ஒன்று, வால்தான் மாறும். உள்ளே போட்டால் லாக்அப், வெளியே நிறுத்தினால் லாக்அவுட். தமிழில் அப்படி இல்லை. நம்மிடம் இரண்டு தனிச்சொற்கள் இருக்கின்றன. நீங்கள் தினமும் இரண்டையும் சரியாகவே பயன்படுத்துகிறீர்கள். யோசித்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

இரவு படுக்கப் போகும்போது என்ன செய்கிறோம்? தாழ்ப்பாள் போடுகிறோம். ஊருக்குப் போகும்போது? பூட்டிவிட்டுப் போகிறோம். தாழ் என்பது வீட்டுக்குள் இருப்பவர் தன் கையால் உள்ளிருந்து போட்டுக்கொள்வது. பூட்டு வெளியிலிருந்து போடுவது. நம் வழக்குகளைத் தட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கோட்டில்தான் பிரிகின்றன.

திருக்குறளில் இரண்டு இடங்களை எடுத்துப் பாருங்கள். 71-ஆம் குறள், அன்பை மூடிவைக்கத் தாழ் கிடையாது, கண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும் என்கிறது. 1251-ஆம் குறளில், மன உறுதி என்ற கதவுக்கு நாணம் என்ற தாழ் போட்டிருக்கிறது, காமம் என்ற கோடரி அதை உடைத்துவிடுகிறது. இரண்டு இடத்திலும் வள்ளுவர் வைத்திருப்பது தாழ். அன்பையும் ஆசையையும் நாமே உள்ளிருந்து மூடப் பார்க்கிறோம். வேறு யாரும் வந்து அடைப்பதில்லை. அங்கே பூட்டு என்று போட்டால் படமே கெட்டுவிடும்.

பழைய சொல்லான தாழ் இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் உயிரோடு இருக்கிறது. மலையாளத்தில் சாவிக்குத் தாக்கோல் என்று பெயர். தாழ்க்கோல்தான் அப்படித் தேய்ந்திருக்கிறது. இலங்கைத் தமிழர் சாவியைத் திறப்பு என்பார்கள். சாவி என்று சொல்பவர்கள் நாம்தான். அந்தச் சொல்லோ போர்த்துக்கீசியருடையது. ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் இறங்கிய அதே கப்பலில் வந்தது.

பூட்டுக்கு வருவோம். வினையாகச் சொல்லும்போது அதற்கு மூடுதல் என்ற பொருளைவிட இணைத்தல் என்ற பொருள்தான் அடிப்படை. வண்டியில் மாடு பூட்டுகிறோம். சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோம். பெண்ணுக்கு நகை பூட்டி அழகு பார்க்கிறோம். சில சமூகங்களின் கல்யாணப் பத்திரிகையில் திருப்பூட்டும் நேரம் என்றே அச்சிடுவார்கள். தாலி கட்டுவதைத்தான் சொல்கிறார்கள். உடம்பில் எலும்பும் எலும்பும் சேரும் இடமும் பூட்டுதான். கை பிசகினால் "பூட்டு விலகிப் போச்சு" என்று கட்டுப்போடுகிறவர் சொல்வார். இலக்கணத்திலும் உண்டு. நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்று விற்பூட்டு. வில்லின் இரண்டு முனையையும் நாண் இழுத்துச் சேர்ப்பதுபோல, பாட்டின் கடைசிச் சொல்லை முதல் சொல்லோடு சேர்த்துப் பொருள் கொள்வது.

ஆனால் கவனியுங்கள். மாடு தன்னைத்தானே பூட்டிக்கொள்வதில்லை. மணப்பெண்ணும் அப்படியே. கைவிலங்கைச் சொல்லவே வேண்டாம். பூட்டு என்று வந்தால் பூட்டுகிற கை ஒன்று, பூட்டப்படுகிற கழுத்து ஒன்று. இரண்டும் வேறு வேறு ஆள்.

இப்போது வாய்ப்பூட்டு. அது ஆங்கிலத்திலிருந்து வந்தது இல்லை, தம்பி. முருகன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு, இரு கன்னத்தையும் ஊடுருவும்படி மெல்லிய வெள்ளிக்கம்பி மாட்டி, சன்னிதி சேரும்வரை பேசாமல் நடந்து போகிற நேர்த்திக்கடன் உண்டு. அதற்கு வாய்ப்பூட்டு என்று பெயர். அது விரும்பி ஏற்பது. ஆனாலும் மாட்டுவது பூசாரியின் கை. கழற்றுவதும் அவர்தான்.

விரதமாக இருந்த சொல் எப்போது தண்டனையாக மாறியது என்று ஒரு தேதி குறிக்க முடியாது. ஆனால் பத்திரிகைகளின் காலத்தில் அது நன்றாக வேர்விட்டது. 1878-ல் லிட்டன் பிரபு தாய்மொழிப் பத்திரிகைகளுக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஆங்கிலப் பத்திரிகைகளை அது தொடவில்லை. ரிப்பன் காலத்தில் அது நீக்கப்பட்டது. அந்த மாதிரிச் சட்டங்களை நாம் வாய்ப்பூட்டுச் சட்டம் என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு வாயில் துணியைத் திணிப்பதைக் குறிக்கும் சொல்; திணித்ததைத் துப்பிவிடலாம். பூட்டு என்றால் சாவி இன்னொருவர் கையில். எனக்கு நம் சொல்தான் சரியாகப் படுகிறது.

இந்த விஷயத்தில் நம் பக்கத்துக்கு ஒரு கதை உண்டு. பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகை சென்னையில் நடத்த முடியாமல் 1908-ல் புதுச்சேரிக்கு இடம் மாறியது. அங்கே பிரெஞ்சு ஆட்சி, வெள்ளைக்காரப் போலீஸ் நேராக உள்ளே வர முடியாது. அச்சகத்தைத் தொட முடியாதவர்கள் எல்லையைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் பகுதிக்குள் பத்திரிகை நுழையத் தடை வந்தது. 1910-ல் பத்திரிகையே நின்றது. புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் அடுத்தது அன்றைய தென்னாற்காடு மாவட்டம்தான். பேசுகிறவர் வாயில் பூட்டுப் போட முடியாவிட்டால் கேட்கிறவர் ஊர் வாசலில் போடலாம் என்பதை நம் மாவட்ட எல்லை அன்றே பார்த்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்தால் பூட்டைவிடச் சாவிக்குத்தான் பேச்சு அதிகம். "மாமியார் கொத்துச்சாவியை இன்னும் எறக்கலையா?" என்று ஒரு காலத்தில் மருமகளிடம் ரகசியமாகக் கேட்பார்கள். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கினால் அந்த வீட்டின் அரிசி, பருப்பு, நகை எல்லாம் அந்த அம்மாள் சொற்படி. அதிகாரம் என்றே அதற்குப் பொருள். ஆனால் சாவி அவர் இடுப்பில் இருந்ததே தவிர, பத்திரம் வீட்டுக்காரர் பெயரில்தான் இருந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்கும் அது வந்தது 2005-ல். இன்று இடுப்பில் சாவி தொங்கும் மாமியாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சிலர் வீட்டில் அந்த இடத்துக்கு ஏடிஎம் அட்டையின் நான்கு எண் வந்திருக்கிறது. அது யாருக்குத் தெரியும் என்பதில் நடக்கும் அரசியல் பழையதுதான்.

'சாவி கொடுப்பது' வேறு வகை. சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்போம், தகரப் பொம்மைக்குக் கொடுப்போம். அதிலிருந்து, ஒருவரைத் தூண்டிவிட்டுப் பேசவைப்பதற்கு "யாரோ சாவி கொடுத்து அனுப்பியிருக்காங்க" என்று வந்தது. கடிகாரங்கள் பேட்டரிக்கு மாறிவிட்டன. இருந்தும் நம் கூட்டத்தில் சென்ற முறைகூட இந்தக் குற்றச்சாட்டு இரண்டு தரம் ஒலித்தது! விவசாயம் செய்கிறவர்களுக்கு இன்னொரு சாவியும் தெரியும்: மணி பிடிக்காமல் பதராகப் போன பயிர். "இந்தப் போகம் சாவியாப் போச்சு" என்றால் சிரிக்க ஒன்றுமில்லை. அது சா என்ற தமிழ் வேரிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியருக்கு அதில் பங்கில்லை.

கோயிலில் இந்தச் சொற்கள் எதுவும் இல்லை. அங்கே கதவு சாத்துவதைத் திருக்காப்பிடுதல் என்றும், திறப்பதைத் திருக்காப்பு நீக்குதல் என்றும் சொல்வது மரபு. பெரியபுராணத்தில் வேதாரண்யம் கோயில் கதவு நிகழ்ச்சி வரும். வேதங்கள் வந்து பூசித்து அடைத்த கதவு. அப்பர் பதிகம் பாடித் திறக்கிறார், சம்பந்தர் பாடி மூடுகிறார். அப்பர் பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூர்க்காரர். 1993-ல் மாவட்டம் பிரியும்வரை அவருக்கும் நமக்கும் ஒரே மாவட்டம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. காப்பு என்றால் காவல். கையில் கட்டும் மஞ்சள் கயிறும் காப்புதான். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டால் வெளியூரில் ராத்தங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அப்போது ஊரே பூட்டப்படுகிறது. ஆனால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காப்பு என்று சொல்லிவிட்டால் அடைபட்ட உணர்வு வருவதில்லை.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் இந்தச் சாமர்த்தியம் அரசுகளுக்கும் உண்டு. லாக்டவுன் என்பது அமெரிக்கச் சிறைச்சாலைகளில் பிறந்த வழக்கு. கலவரம் வந்தால் கைதிகளை அவரவர் அறையில் அடைத்து வைப்பது. 2020 மார்ச் 25 முதல் அது நம் எல்லோருக்கும் வந்தது. தமிழில் பொதுமுடக்கம் என்றார்கள், ஊரடங்கு என்றார்கள். பூட்டு என்ற சொல்லே வரவில்லை. ஊரடங்கு என்று கேட்டால் ஏதோ விளக்கு வைத்த பிறகு ஊர் தானாக அடங்கிவிட்டதுபோல் இருக்கிறது. அன்றைக்கு அது தேவையாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்னையிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்களுக்கு அது வெளியிலிருந்து போட்ட பூட்டுதான். அதேபோல, கடையடைப்பு என்றால் கடைக்காரரே அடைப்பது. ஆலையில் கதவடைப்பு என்றால் முதலாளி அடைப்பது, தொழிலாளி வெளியே நிற்பது. இரண்டும் 'அடைப்பு' என்றே முடிவதால் யார் அடைத்தார் என்று நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திண்டுக்கல் பூட்டைச் சொல்லாமல் விட்டால் என்னை விடமாட்டீர்கள். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவப் பூட்டு இன்னும் பல பழைய வீடுகளில் தொங்குகிறது. கையால் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நான் சொல்ல வந்தது சொல்லைப் பற்றி என்பதால் இத்துடன் விடுகிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் அந்த டீக்கடைக் கேள்வி மட்டும் இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன் நம் தெருவில், தனியாக இருக்கும் ஒரு பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். மாற்றுச்சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. அந்த ஏற்பாட்டை அவர்தான் செய்து வைத்திருந்தார். சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்ளே மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தார். தச்சரைக் கூட்டிவந்து கதவை நெம்பி எடுக்க முக்கால் மணி நேரம். அவர் இப்போது நலமாக இருக்கிறார், வாக்கர் வைத்து நடக்கிறார். "எல்லாருக்கும் சொல்லுங்க" என்று அவரே சொன்னதால்தான் எழுதுகிறேன்.

தனியாக இருப்பவர்கள் இரவில் பூட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மேல் தாழ்ப்பாள் வேண்டாம். மாற்றுச்சாவி யாரிடம் இருக்கிறது என்பது இரண்டு வீட்டுக்காவது தெரிந்திருக்கட்டும். கேட் விஷயம் அடுத்த கூட்டத்தில் மறுபடி வருகிறது. பூட்டு வேண்டுமா என்று கேட்கும்போதே சாவி எத்தனை, யார் யாரிடம் என்றும் சேர்த்துக் கேளுங்கள். பால் வண்டி விடியற்காலை நாலரைக்கு வந்துவிடுகிறது.