ஐ7 ஸ்டிக்கர் இருந்தால் போதுமா? பழைய லேப்டாப் வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்ணும் எழுத்தும்

கல்லூரி திறக்கும் நேரம் வந்தாலே செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கடைகளில் கூட்டம் கூடிவிடும். கடைக்காரர் இரண்டு லேப்டாப்களை எடுத்து வைக்கிறார். ஒன்றில் ‘ஐ7’ ஸ்டிக்கர், இன்னொன்றில் ‘ஐ5’. விலை ஏறக்குறைய ஒன்றுதான். “ஐ7 தான் பெருசு, அதையே எடுத்துக்கோங்க” என்கிறார். பலரும் அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள்.

ஆனால், எல்லா ஐ7-ம் எல்லா ஐ5-ஐயும் விட வேகமானது கிடையாது. ஒரு புராசஸரின் உண்மையான வேகமும், அது இழுக்கும் மின்சாரமும் அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணிலும் கடைசி எழுத்திலும்தான் இருக்கின்றன. அதை எப்படிப் படிப்பது? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

ஐ7-ஐ முந்திய ஐ5

இன்டெல் நிறுவனத்தின் ஐ7-7500யு, 2016-ல் வந்த 7-வது தலைமுறை புராசஸர். இதில் 2 கோர்கள், 4 திரெட்கள். அடுத்த ஆண்டே, 2017-ல் வந்தது ஐ5-8250யு. இது 8-வது தலைமுறை. இதில் 4 கோர்கள், 8 திரெட்கள். இரண்டுக்கும் நிறுவனம் குறித்த அளவு ஒரே 15 வாட்தான்.

கோர் என்பதை வேலையாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதே சம்பளத்தில் இரண்டு பேருக்குப் பதில் நான்கு பேர் கிடைத்த கதை இது. பிரவுசரில் பத்து பக்கங்கள், ஒரு ஆன்லைன் வகுப்பு, பின்னணியில் ஆன்டிவைரஸ் என்று எல்லாம் ஒன்றாக ஓடும்போது, இந்த ஐ5 அந்த ஐ7-ஐ எளிதாக முந்திவிடும். முந்தைய தலைமுறையைவிட 40 சதவீதம் வரை வேகம் கூடும் என்றுதான் இன்டெல் அப்போது அறிவித்தது.

எண்ணைப் படிப்பது எப்படி?

கோடுக்குப் பிறகு வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை. 4200 என்றால் 4-வது, 8250 என்றால் 8-வது. 10210, 1135 என்று 10, 11-ல் தொடங்கினால் 10-வது, 11-வது தலைமுறை.

கடைசி எழுத்து, மின்சாரக் கணக்கைச் சொல்லும். ‘யு’ என்று முடிந்தால் பெரும்பாலும் 15 வாட். ‘ஹெச்’, ‘ஹெச்கியூ’ என்றால் பொதுவாக 45 வாட். கேமிங், வீடியோ எடிட்டிங் லேப்டாப்களில் இருக்கும். ‘ஒய்’ என்றால் 5 வாட்டை ஒட்டி; ஃபேன் இல்லாத மெல்லிய லேப்டாப்களுக்கானது. 2012 வாக்கில் வந்த ஐ5-3210எம் போன்ற ‘எம்’ வகை 35 வாட்.

எழுத்தையும் தலைமுறையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 8-வது தலைமுறைதானே என்று ஐ3-8130யு வாங்கினால், அதில் 2 கோர்கள்தான் இருக்கும்.

ஏஎம்டி பக்கம் பார்த்தால், 2020-ல் வந்த ரைசன் 5 4500யு அதே 15 வாட்டில் 6 கோர்கள் கொடுத்தது. பழைய லேப்டாப் தேடுபவர்கள் தவறவிடக் கூடாத ஒன்று இது.

வாட் அதிகம் என்றால் வேகம் அதிகமா?

ஒரே தலைமுறைக்குள் என்றால் பெரும்பாலும் ஆமாம். தலைமுறை மாறினால் இல்லை.

2013-ல் வந்த ஐ7-4700எம்கியூ, 4 கோர்கள், 47 வாட். மேலே பார்த்த ஐ5-8250யு, அதே 4 கோர்கள், 15 வாட். இரண்டின் உச்ச வேகமும் 3.4 கிகாஹெர்ட்ஸ். பெஞ்ச்மார்க் சோதனைகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே தட்டில்தான் நிற்கின்றன. நான்கே ஆண்டுகளில் குறித்த வாட் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த வாட் என்பது, புராசஸர் தொடர்ந்து வேலை செய்யும்போது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் கணக்கு. சில விநாடிகள் முழு வேகத்தில் ஓடும்போது 15 வாட் புராசஸரும் அதைத் தாண்டி இழுக்கும். சும்மா இருக்கும்போது அதில் சிறு பங்குதான் இழுக்கும்.

கரன்ட் பில் எவ்வளவு கூடும்?

பலரும் பயப்படும் அளவுக்கு இல்லை. சராசரியாக 30 வாட் இழுக்கும் ஒரு லேப்டாப்பை தினமும் 8 மணி நேரம் ஓட்டினால், 60 நாட்களுக்கு 14.4 யூனிட். 15 வாட் இழுத்தால் 7.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு வித்தியாசம் சுமார் 7 யூனிட்தான். 75 வாட் சீலிங் ஃபேன் இதே நேரம் ஓடினால் 36 யூனிட் ஆகும்.

அப்படியானால் அடி எங்கே விழுகிறது? பேட்டரியில். 45 வாட்-மணி பேட்டரி, 15 வாட் இழுத்தால் 3 மணி நேரம் தாங்கும். 30 வாட் இழுத்தால் ஒன்றரை மணி நேரம்தான். பேட்டரி பழையதாகி பாதி சக்திதான் மிச்சம் என்றால், முக்கால் மணி நேரத்தில் லேப்டாப் அணைந்துவிடும். பிளக் பாயின்ட் இல்லாத வகுப்பறையில் உட்காரும் மாணவருக்கு இதுதான் பெரிய பிரச்சினை.

யூடியூப் பார்த்தாலே ஃபேன் கத்துவது ஏன்?

யூடியூப் அதிகம் பயன்படுத்தும் விபி9 வடிவ வீடியோவை விரித்துக் காட்ட, 7-வது தலைமுறையிலிருந்து இன்டெல் சிப்பிலேயே முழுமையான தனி வசதி வந்தது. அதற்கு முந்தைய சிப்களில் அந்தப் பாரம் பெரும்பாலும் கோர்கள் மேல் விழும். அதனால்தான் சூடும் சத்தமும். புதிய ஏவி1 வடிவத்துக்கான வசதி 11-வது தலைமுறையில்தான் வந்தது.

தூசி அடைத்து, சிப் மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோன லேப்டாப்பும் இப்படித்தான் கத்தும். சூடு ஏறினால் புராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கிளீன் செய்தாலே பழைய வேகம் ஓரளவு திரும்பிவிடும்.

8-வது தலைமுறை ஏன் எல்லைக்கோடு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் 8-வது தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. அதற்குக் கீழ் உள்ளவற்றை வாங்கினால், லினக்ஸ் போடத் தயாராக இருப்பது நல்லது.

கடையிலேயே செய்ய வேண்டியவை

* கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் புராசஸரின் முழுப் பெயரும் கோர் எண்ணிக்கையும் இருக்கும். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.
* சார்ஜரைக் கழற்றிவிட்டு 15 நிமிடம் வீடியோ ஓட்டிப் பாருங்கள். பேட்டரி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
* ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி-யாக மாற்றித் தரச் சொல்லுங்கள். சாதாரண பயன்பாட்டில், புராசஸர் மாற்றத்தைவிட இதில் தெரியும் வித்தியாசம் அதிகம்.
* ரேம் 8 ஜிபி இருக்கிறதா என்று பாருங்கள்.

பாடம், புராஜெக்ட், ஆன்லைன் வகுப்பு என்று இருப்பவர்களுக்கு 4 கோர், 15 வாட், 8-வது தலைமுறை போதும். அதில் ஒட்டியிருப்பது ஐ5 ஸ்டிக்கராக இருந்தாலும் தாராளமாக வாங்கலாம்.