நடுக்குவாதம்: நோயும் முதலும் மருந்தும்

நோய் இன்னதென அறிதல், அதன் முதலைக் காணுதல், அதனைத் தணிக்கும் வழியைத் தேர்தல் என மருத்துவத்திற்கு ஒரு வரிசை வகுத்தார் வள்ளுவப் பெருந்தகை. ஒரு படியினின்று மறுபடி ஏற எத்துணைக் காலமாகும் என்பதற்குப் பார்க்கின்சன் நோயின் வரலாறு தக்க சான்றாகும்.

1817ஆம் ஆண்டு, இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தோர் அறுவரே. அவருள் சிலரைத் தெருவில் கண்டே குறித்துக்கொண்டார். ஓய்ந்திருக்கும் கை நடுங்குவதையும், உடல் முன்னே குனிவதையும், நடை ஓட்டமாக மாறுவதையும் நுணுகி விளக்கினார். நோயின் முதல் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கலாமென அவர் கருதினார். அக்கருத்து பின்னர்ப் பிழையெனத் தெரிந்தது. எனினும், அவர் கண்டெழுதிய அறிகுறிகள் இன்றளவும் நிலைபெற்றுள்ளன. பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ, இந்நோய்க்கு அவர் பெயரையே வழங்கினார்.

முதலைக் காண 140 ஆண்டுகள் சென்றன. சர்ப்பகந்தி வேரினின்று பிரித்தெடுத்த ரெசர்ப்பின் என்னும் மருந்தைச் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. டோப்பா என்னும் பொருளைச் செலுத்தியதும் அவை எழுந்து நடமாடின. இஃது 1957இல் வெளிவந்த செய்தி. 1960இல் வியன்னாவில் ஓர்னிகீவிச் என்பார், இந்நோயால் இறந்தோரின் மூளையில் டோப்பமின் என்னும் வேதிப்பொருள் மிகக் குறைந்திருப்பதை மெய்ப்பித்தார். கார்ல்சன் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

மருந்தும் எளிதில் வாய்க்கவில்லை. தொடக்கத்தில் கொடுத்த சிற்றளவு பலருக்குப் பயன்தரவில்லை. அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பார், மிகச் சிறிய அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பேரளவுக்கு உயர்த்தி, 1967இல் வெற்றி கண்டார். இயங்க இயலாது கிடந்தோர் எழுந்து நடந்தனர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் பயன் நிலையற்றதாகி, உடல் தானே அசையும் தொல்லையும் பலருக்கு நேர்ந்தது. அதனைக் குறைக்க, மூளைக்குள் நுண்கம்பி பொருத்தி மின்தூண்டல் அளிக்கும் முறை உதவுகிறது. 1987இல் பிரான்சில் பெனபிட் அதற்கு வழிகாட்டினார்.

2025இல் சப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தார், மூலவுயிரணுக்களினின்று வளர்த்த இளம் நரம்பணுக்களை எழுவர் மூளையில் பொருத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். கடுந்தீங்கு எதுவும் நேரவில்லை. சிலரிடம் முன்னேற்றமும் தென்பட்டது. ஆயினும் எழுவரைக் கொண்டு முடிவு கட்டுதல் தகாது. நரம்பணுக்கள் அழிவதைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் கிட்டவில்லை.

இந்நெடும் பயணத்தின் முதலடி, தெருவில் நடந்து சென்ற முதியோரைக் கூர்ந்து நோக்கிய ஒருவரின் கண்களால் எடுத்து வைக்கப்பட்டது. ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியிலும் மாணவர்க்குக் கற்பிக்கத்தக்க அறிவியல் அதுவேயாகும்.