சட்டமூலம் சட்டமாகும் வழி: நாம் விழித்திருக்க வேண்டிய இடங்கள்

நமது சமூகத்தைப் பாதிக்கும் சட்டமொன்று பாராளுமன்றத்தில் நிறைவேறிய பின்னர்தான் கூட்டங்கள், கண்டன அறிக்கைகள், மகஜர்கள் எல்லாம் ஆரம்பமாகின்றன. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது என்பதே என் கவலை. ஒரு சட்டமூலம் செல்லும் பாதையை அறிந்தால் இதன் காரணம் விளங்கும்.

அமைச்சொன்றின் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியதும் சட்டவரைஞர் திணைக்களம் சட்டமூலத்தை வரைகிறது. அது அரசியலமைப்புக்கு முரணானதா என்று சட்டமா அதிபர் ஆராய்கிறார். பின்னர் வர்த்தமானியில் பிரசுரமாகி, பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெற்று, முதலாம் வாசிப்புக்கு வருகிறது.

பொதுமக்களுக்கான வாய்ப்பு இங்கேதான் இருக்கிறது. அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின் கீழ் எந்தவொரு பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யலாம். நீதிமன்றம் மூன்று வாரங்களுக்குள் தன் தீர்மானத்தை அறிவிக்கும். சாதாரண பெரும்பான்மை போதுமா, 225 பேரில் 150 பேரின் ஆதரவு வேண்டுமா, சர்வஜன வாக்கெடுப்பும் தேவையா என்பதை அத்தீர்மானம் கூறும். ஆனால், மனுத் தாக்கல் செய்யக் கிடைப்பது மிகச் சில நாட்களே.

அடுத்து இரண்டாம் வாசிப்பு விவாதம், குழுநிலை, மூன்றாம் வாசிப்பு. ஜனாதிபதி கையொப்பமிட்டால்தான் சட்டம் என்று பலர் நினைக்கின்றனர். சர்வஜன வாக்கெடுப்புக்கு விடப்படும் சட்டமூலங்களைத் தவிர ஏனையவை சபாநாயகரின் சான்றுரையுடனேயே சட்டமாகின்றன. அதன் பின்னர், 80(3)ஆம் உறுப்புரையின்படி, அச்சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது.

வர்த்தமானியை வாசிப்பதுடன் நம் வேலை முடிந்துவிடுவதில்லை. 2017இல் மாகாண சபைகளில் பெண்களின் பிரதிநிதித்துவத்தை உறுதிப்படுத்தவென ஒரு சட்டமூலம் வந்தது. செப்டம்பர் 20ஆம் திகதி குழுநிலையில் அதற்குள் புதிய தேர்தல் முறையே புகுத்தப்பட்டு, மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறியது. முஸ்லிம் கட்சிகளின் உறுப்பினர்களும் ஆதரித்தே வாக்களித்தனர். புதிய தொகுதிகளால் நமது பிரதிநிதித்துவம் குறையும் என்ற அச்சம் அதன் பின்னரே உரத்து ஒலித்தது. 2018 ஆகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை ஒரு வாக்குக்கூடப் பெறாமல் தோற்றது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் பூர்த்தியாகவில்லை. 2017 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு அதன் பின்னர் தேர்தலே நடைபெறவில்லை.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம் பல வருடங்களாகப் பேசுபொருளாக இருக்கிறது. அதை ஆதரிப்பவராயினும் எதிர்ப்பவராயினும், சட்டமூலம் வெளியாகும் நாளிலேயே வாசியுங்கள். அது தமிழிலும் பிரசுரமாகும். நமது சட்டத்தரணிகளும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் பெண்கள் அமைப்புகளும் அதை ஒன்றாக அமர்ந்து ஆராய வேண்டும். நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினரிடம், "குழுநிலையில் என்ன திருத்தம் வருகிறது?" என்று வாக்கெடுப்புக்கு முன்னரே கேட்க வேண்டும்.