கடைமடையில் ஓர் அருவி



பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். முக்கியமாக என்னிடம் வரலாறு படித்தவர்கள் கடைசிவரை படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பணி ஓய்வு பெற்ற நாங்கள் நான்கு பேர் இன்னும் மாதம் ஒருமுறை சந்திக்கிறோம். தமிழ் டீச்சர், கணக்கு டீச்சர், தையல் டீச்சர், நான். குற்றாலம் போகலாம், ஒகேனக்கல் போகலாம் என்று வருஷா வருஷம் பேசுவோம். முழங்கால் சம்மதிக்காது. இந்த முறை கணக்கு டீச்சர்தான் வழி சொன்னார். "ஒகேனக்கல்ல விழற தண்ணிதானே நம்ம ஊருக்கும் வருது? அது கடைசியா எங்க விழுதோ அங்க போவோம். முட்டியும் வலிக்காது, காசும் ஆகாது."

அந்தக் கடைசி இடம் பூம்புகாருக்குப் பக்கத்தில் மேலையூர். காவிரியின் கடைமடைக் கதவணை அங்கேதான் இருக்கிறது.

ஆவணியில் ஒரு புதன்கிழமை காலை மயிலாடுதுறையில் பேருந்து ஏறினோம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால், அந்தப் பேருந்து வரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். நான்கு பேருக்கும் ஓய்வூதியம் வருகிறது. ஆனாலும் தையல் டீச்சருக்கு அந்த இலவசச் சீட்டைக் கையில் வாங்குவதில் ஒரு தனி சந்தோஷம்.

மேலையூரில் இறங்கிக் கதவணைக்குப் போனோம். அருவி என்று நாங்கள் சொன்னது எங்கள் பெருந்தன்மை. உயரம் ஒன்றும் பெரிதில்லை. கதவுகளுக்கு அடியில் தண்ணீர் நுரைத்து விழுகிறது, இரண்டு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் குடகில் தலைக்காவிரியில் புறப்பட்டு, சிவசமுத்திரத்தில் விழுந்து (அங்கே 1902-லேயே மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள்), ஒகேனக்கல்லில் விழுந்து, மேட்டூரில் தேங்கி, ஏறக்குறைய 800 கிலோமீட்டர் கடந்து வந்த தண்ணீர் அது. கரையில் நின்றிருந்த ஒரு விவசாயி எங்களைப் பார்த்து, "என்ன டீச்சரம்மா, தண்ணி பாக்க வந்தீங்களா?" என்றார். நாங்கள் டீச்சர் என்று எப்படித் தெரிந்ததோ! குடையைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்போல.

அவர் சொன்னது மனதில் நின்றது. "இங்க வந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி தொறந்ததா அர்த்தம். மேட்டூர்ல தொறக்கறது பேப்பர்ல வர்ற சேதி." ஜூன் 12 மேட்டூர் திறப்பு நாள் என்று வகுப்பில் எத்தனை முறை எழுதிப் போட்டிருக்கிறேன்! 2024-ல் அது ஜூலை 28-க்குத் தள்ளிப்போனது. திறந்த பிறகும் அது கடைமடைக்கு வந்து சேர நாளாகும். வரும்போது இங்குள்ளவர்கள் பூவும் நெல்லும் தூவி வரவேற்கிறார்கள்.

அங்கிருந்து கடல்வரை நடப்பது என்று முடிவு. சிட்டியும் தி. ஜானகிராமனும் நண்பர்களோடு இந்த ஆற்றை ஒட்டிப் பயணம் செய்து 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள். பெயரில்தான் நடை, பெரும்பாலும் கார்ப் பயணம். அந்த வகையில் நாங்கள் ஒரு படி மேல். அரை மணி நடந்ததும் தையல் டீச்சர், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார். தமிழ் டீச்சருக்கு உடனே சிலப்பதிகாரம் வந்துவிட்டது. இதே புகாரிலிருந்து விடிவதற்கு முன் கிளம்பிய கண்ணகி, கொஞ்ச தூரத்திலேயே களைத்துப்போய் மதுரை எங்கே என்று கேட்கிறாள். முப்பது காதம் என்று சொல்லக் கோவலனுக்கு மனம் வரவில்லை. ஆறும் ஐந்தும் போலக் காதில் விழும்படி சொல்லிச் சிரிக்கிறான். "அதனால நானும் உண்மை சொல்ல மாட்டேன், நடங்க" என்றார்.

இப்போது திருத்தத்துக்கு வருகிறேன்.

வழியில் கீழையூர். தொல்லியல் துறை வேலி போட்ட ஒரு பள்ளத்துக்குள் பெரிய பெரிய செங்கற்களால் கட்டிய ஒரு மேடை. 1960-களில் பூம்புகார் வட்டாரத்தில் நடந்த அகழாய்வில் கிடைத்தது. படகு கட்டும் துறை. படகைக் கட்ட ஊன்றிய மரக்கம்பங்களும் அதோடு கிடைத்தன. அந்த மரத்தைக் கரிமச் சோதனை செய்து, கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்றார்கள். இங்கிருந்து சற்றுத் தள்ளி வானகிரியில் ஒரு நீர்த்தேக்கம், பல்லவனீச்சுரத்தில் ஒரு புத்த விகாரம், சோழரின் சதுரச் செப்புக்காசுகள். எல்லாம் கிடைத்தது மண்ணில். கடலில் இல்லை.

நான் உங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன்? "பூம்புகாரைக் கடல் கொண்டது." அவ்வளவுதான். சுற்றுலா கூட்டிவந்தபோதும் கடற்கரையில் வரிசையாக நிற்கவைத்து, "அதோ, அங்கேதான் பழைய நகரம் இருக்கிறது" என்று அலையைக் காட்டினேன். கீழையூரில் பேருந்தை நிறுத்தச் சொன்னதே இல்லை. சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும் என்ற ஒரே காரணம்தான். முப்பத்தோரு வருஷம்!

கடல் கொண்டது பொய் இல்லை. மணிமேகலை சொல்கிறது. தேசியக் கடல் ஆய்வு நிறுவனத்தார் கடலுக்குள் இறங்கித் தேடியபோதும் தடயங்கள் கிடைத்தன. 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கடல் என்ன செய்யும் என்று நாமே பார்த்தோம். ஆனால் அது பாதிதான். கீழையூர்த் துறையைக் கடல் தொடவே இல்லை. அது காவிரியின் பழைய கிளை ஒன்றின் கரையில் கட்டியது. கிளை போய்விட்டது, துறை நிற்கிறது. படகு வந்து நின்ற இடத்தில் இன்று கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. அங்கே ஊரை விட்டுப் போனது ஆறு.

ஏன் போனது? ஆறு தானாகத் தடம் மாறும், வண்டல் மேடிடும். அது ஒரு பக்கம். இன்னொன்றும் உண்டு, இது என் எண்ணம். முக்கொம்பில் கொள்ளிடம், கல்லணையில் வெண்ணாறு, பிறகு குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று காவிரி பிரிந்துகொண்டே வருகிறது. கொள்ளிடம் தாழ்வானது, அதுவே தண்ணீரை இழுத்துக்கொண்டு தஞ்சை வயல்களைக் காயவிட்டதால்தான் ஆர்தர் காட்டன் 1836-ல் அங்கே மேலணை கட்டத் தொடங்கினார். வெள்ளம் கொள்ளிடத்துக்கு, பாசனம் கிளைகளுக்கு. கடைசியில் பூம்புகாருக்கு வருவது ஒரு வாய்க்கால் அகலம். கப்பலுக்கு வேண்டிய தண்ணீரை எல்லாம் நெல் குடித்துவிட்டது. நாம் சாப்பிட்டதும் அந்த நெல்லைத்தான். இதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முகத்துவாரத்துக்கு வந்தபோது மணி ஒன்று. 1973-ல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குப் போக யாருக்கும் தெம்பில்லை. மணலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். காலையில் மேலையூரில் பார்த்த தண்ணீர் மணல் திட்டைச் சுற்றிக்கொண்டு மெல்லக் கடலுக்குள் போனது. கணக்கு டீச்சர் கை கழுவிவிட்டு ஒரு வாய் எடுத்துப் பார்த்து, "இன்னும் உப்புக் கரிக்கல" என்றார்.

திரும்பும்போது தர்மகுளத்தில் இலவசப் பேருந்துக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. காசு கொடுத்தே ஏறினோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கீழையூர், மேலையூர், வானகிரிப் பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர் படித்தீர்கள். அந்த அகழாய்வில் மண் வெட்டியவர்களும் சுமந்தவர்களும் உங்கள் ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். உங்கள் தாத்தா, அப்பாயி யாராவது அங்கே கூலிக்குப் போயிருந்தால், அவர்கள் சொன்னது எது நினைவிருந்தாலும் கீழே எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு இந்த முறை மதிப்பெண் குறைக்க மாட்டேன்.