கூடாரமும் கொடுப்பனவும்: இன்டர்ன்ஷிப்பின் கதை

"கொடுப்பனவு இல்லை, ஆனால் நல்ல அனுபவம் கிடைக்கும்." இந்த வரியை எங்களில் வாசிக்காத ஆட்கள் குறைவு. எங்கட கூட்டத்தில் ஒரு தங்கைக்குக் கொழும்பில் ஆறு மாத உள்ளகப் பயிற்சி கிடைச்சது. போடிங் வாடகையையும் பஸ் காசையும் கூட்டிப் பார்த்துவிட்டு அவள் போகவில்லை. அவளுக்குத் தகுதி போதாமல் இல்லை, ஆறு மாதத்துக்குக் கையில காசுதான் இல்லை. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது எண்டு தேடியபோது கிடைத்த கதை இது.

உலகத்துக்கு ஒரு பொதுவான ஆட்சிமுறை வேணும் எண்டு கேட்ட இயக்கங்கள் மாணவர்களை நம்பியே வளர்ந்தவை. 1942 இல், உலகப்போரின் நடுவில, ஹரிஸ் வொஃபோர்ட் என்ற பள்ளிக்கூடப் பையன் அமெரிக்காவில் மாணவர் கூட்டாட்சி இயக்கத்தைத் தொடங்கினார். நியூயோர்க்குக்குப் பக்கத்தில, வசதியானவர்கள் வாழும் ஸ்கார்ஸ்டேல்தான் அவருடைய ஊர். 1947 பெப்ரவரியில் ஆஷ்வில் நகரில் பல அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ஐக்கிய உலகக் கூட்டாட்சியாளர் அமைப்பை உருவாக்கின. அதன் தலைவர் கோர்ட் மேயருக்கு அப்ப 26 வயது, போரில் ஒரு கண்ணை இழந்தவர். அதே ஆண்டு ஓகஸ்டில் சுவிற்சர்லாந்தின் மொன்த்ரோவில் உலகளாவிய இயக்கமும் பிறந்தது.

இவர்கள் சம்பளம் கேட்டு வந்தவர்கள் இல்லை. இயக்கம் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது. ஆனால் இயக்கம் அலுவலகமாக மாறும்போது கணக்கும் மாறுகிறது. தன்ர கொள்கைக்காகத் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறது ஒன்று, ஒன்பது மணிக்கு வந்து இன்னொருவரின்ர அறிக்கையைத் திருத்திக் கொடுக்கிறது வேறொன்று.

அதே 1947 பெப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு ரயில்வே வழக்கில் தீர்ப்புச் சொன்னது. போர்ட்லண்ட் டெர்மினல் கம்பனி, பிரேக் போடும் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏழெட்டு நாள் பயிற்சி கொடுக்கும். அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேணுமா என்பதே கேள்வி. அவர்கள் பயிற்சியாளர்கள், ஊழியர்கள் இல்லை, ஆகவே கொடுக்கத் தேவையில்லை எண்டது நீதிமன்றம். ரயில் யார்டில் ஏழெட்டு நாளுக்குச் சொன்ன நியாயம் பிறகு அலுவலகங்களில் மாதக்கணக்கான வேலைக்கும் துணையாக வந்தது. இலாபநோக்கற்ற அமைப்புகளுக்கு இன்னும் சுலபம்: சம்பளத்தை எதிர்பாராமல் வருகிற இன்டர்னை அங்கே தொண்டராகக் கருதலாம்.

இந்த அமைப்புகள் சாதித்ததை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. 1995 இல் உலகக் கூட்டாட்சி இயக்கம் முன்நின்று சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கான கூட்டணியை அமைத்தது. மூன்றே வருடத்தில், 1998 ஜூலையில், ரோம் சாசனம் நிறைவேறியது. 120 நாடுகள் ஆதரித்தன. (இலங்கை இன்றுவரை அதில் சேரவில்லை.) இப்படியான வேலையில் குறிப்பெடுக்க, ஆவணம் தேட, மின்னஞ்சல் அனுப்ப நிறையக் கைகள் வேணும். நன்கொடையை நம்பியிருக்கிற சின்ன அமைப்புக்கு அவ்வளவு பேருக்கும் சம்பளம் கொடுப்பது கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டத்தை யார் சுமப்பது?

2015 ஓகஸ்டில் டேவிட் ஹைட் என்ற 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஜெனீவாவில் ஐ.நா. இன்டர்னாகச் சேர்ந்தார். வாடகை கட்ட வழியில்லாமல் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினார். செய்தி உலகமெல்லாம் பரவ, அவர் விலகினார். இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரத் திட்டமிட்டே செய்ததாகப் பிறகு அவரே எழுதினார். "அப்ப நாடகமா?" எண்டு சிலர் கேட்டார்கள். கூடாரம் நாடகம் எண்டே வைப்பம். கொடுப்பனவு இல்லாதது நாடகம் இல்லையே.

வேலை செய்கிற எல்லாருக்கும் நியாயமான ஊதியம் பெற உரிமை உண்டு எண்டு 1948 இன் மனித உரிமைப் பிரகடனத்தில், 23ஆம் உறுப்புரையில் எழுதி வைத்ததும் இதே ஐ.நா.தான்.

மாற்ற முடியாத விஷயமும் இல்லை இது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு இன்டர்ன்களுக்குக் கொடுப்பனவு கொடுக்கிறது. 2018 இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் எடுத்தது: 2020க்குள் இன்டர்ன்களுக்கு நிதியுதவி, 2022க்குள் குறைந்தது பாதிப்பேர் வளர்ச்சி குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருந்து. காசும் இடமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்பதை அந்த ஒரு தீர்மானமே ஒத்துக்கொள்கிறது.

எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. எங்கட நாட்டைப் பற்றிய தீர்மானங்கள் ஜெனீவாவில் எழுதப்படுகின்றன. அந்த அறையின் பின்வரிசையில் குறிப்பெடுக்கிற பிள்ளை நாளைக்கு முன்வரிசையில் இருந்து கதைக்கும். கிளிநொச்சியில் இருந்தோ ஹட்டனில் இருந்தோ ஒரு பிள்ளை அங்கே போக வேணுமெண்டால் முதலில் அதற்கு மூன்று மாத வாடகை வேணும்.

உலக நீதி கேட்கிற அமைப்புகளிடம் நாங்கள் கேட்கிறது பெரிசா ஒன்றுமில்லை. பத்து இன்டர்னை எடுக்கிற இடத்தில் நாலு பேரை எடுங்கோ, அந்த நாலு பேருக்கும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் காணக்கூடியதாகக் கொடுங்கோ. எங்கட கூட்டத்துக்கும் இது பொருந்தும். அடுத்த ஆய்வு வேலைக்குத் தம்பி தங்கைகளைக் கூப்பிட முதல், பஸ் காசு எங்கிருந்து வரும் எண்டு நாங்களும் கணக்குப் பார்ப்பம்.