புதுக் கணினி திடீரென அணைகிறதா? மலையிறங்கும் முன் வீட்டிலேயே சோதியுங்கள்

கேமரன் மலைத் தோட்டங்களில் கணினி கெட்டால் செலவு பழுதுபார்க்கும் கூலியோடு நிற்பதில்லை. ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ ஆள் கிடைக்காவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ இறங்க வேண்டும். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை. அந்த ஒரு நாள் சம்பளமும் போய்விடும். கடைக்காரர் முடுக்கிப் பார்த்தால் கணினி நன்றாக ஓடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழையபடி அணைந்துபோகும்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய கணினி இப்படிச் செய்தால், உடனே புதிய பாகம் வாங்காதீர்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தால் பெரும்பாலும் வீட்டிலேயே காரணம் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது நோயைத் தீர்த்தது என்று தெரியாது.

குறிப்பு எழுதுங்கள்

கணினி நிற்கும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நீலத்திரை வந்தால் கைப்பேசியில் படம் எடுங்கள். நீலத்திரையோடு நிற்பது வேறு, சுவிட்சைத் தட்டியதுபோல் சட்டென்று அணைவது வேறு. முதலாவதற்கு ரேம், டிரைவர், பிராசசர் ஆகியவை காரணமாகலாம். இரண்டாவதற்கு மின்சாரம், பவர் சப்ளை, சூடு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்று இருப்பதைப் பார்த்துப் பலர் பவர் சப்ளையை மாற்றிவிடுகிறார்கள். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அந்த வரி சொல்கிறது. ஏன் நின்றது என்பதை அது சொல்வதில்லை.

பூட்டியதில் குறை

மின்வயரைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறங்கள். மதர்போர்டின் 24 முள் வயர், பிராசசருக்குப் போகும் 8 முள் வயர், கிராபிக்ஸ் கார்டின் வயர் மூன்றும் 'கிளிக்' என்று முழுதாக அமர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மதர்போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு தாங்கு திருகு இருந்தாலும் ஷார்ட் ஆகும்.

ரேம்

ரேம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் தானாக வருவதில்லை. பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைப் போட்டால்தான் வரும். பல கணினிகளுக்கு அந்த வேகம் ஒத்துக்கொள்ளாது. அதை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். கோளாறு நின்றால் காரணம் அகப்பட்டுவிட்டது.

நிற்காவிட்டால், 'மெம்டெஸ்ட்86' என்ற இலவசச் சோதனையைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் விட்டுவிடக் கூடாது. ரேம் துண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தால் எது கெட்டது என்று தெரியும். டிடிஆர்5 ரேம் போட்ட புதுக் கணினியை முதன்முறை முடுக்கும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். அது கோளாறு அல்ல, பொறுத்திருங்கள்.

குளிர் மலையிலும் சூடு

மலைக் குளிரில் கணினி சூடாகாது என்று நினைக்கக் கூடாது. பிராசசர் மேலுள்ள கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் பூட்டியிருந்தால், குளிரிலும் வெப்பம் 90 டிகிரியைத் தாண்டிவிடும். வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருளைத் திறந்து வைத்து அரை மணி நேரம் விளையாட்டு ஓட்டிப் பாருங்கள்.

மலையில் குளிர்ந்திருந்த பெட்டியைக் கீழே வெக்கையான ஊருக்குக் கொண்டுபோனால் உள்ளே ஈரம் படியலாம். போனவுடன் முடுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே வைத்திருங்கள்.

வீட்டு மின்சாரம்

மலேசியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 216 முதல் 253 வரை ஏறி இறங்க அனுமதி உண்டு. அந்த ஏற்ற இறக்கத்தைப் பவர் சப்ளை தாங்கும். மின்சாரம் ஒரு கணம் அறுந்தால்தான் தாங்காது. முழுப் பளுவில் ஓடும் கணினி, விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்கூடத் தாக்குப்பிடிப்பது கடினம். சுடுநீர்க் கருவி போடும்போது விளக்கு மினுக்குகிறதா? கணினியும் அதே நேரத்தில் அணைகிறதா? அப்படியானால் உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து வயரையும் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரிஞ்சாங்கிலோ தானா ராத்தாவிலோ உறவினர் வீடு இருந்தால், சில நாள் அங்கே ஓட்டிப் பார்க்கலாம். அங்கே ஒழுங்காக ஓடினால் பாகங்களைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டு மின்சாரத்தையே பார்க்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் மின்வயரோடு இணையக் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

பிராசசரே கெட்டிருக்கலாம்

பாகத்தைத் தயாரித்தவர் பக்கமும் குறை இருக்கலாம் என்பதற்கு இண்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினி பிராசசர்கள் சாட்சி. 1972ல் பினாங்கில் ஆலை தொடங்கிய நிறுவனம் அது. அந்தப் பிராசசர்களில் விளையாட்டுகள் காரணமில்லாமல் நின்றன. கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற தவறான செய்தியும் வந்தது. பலர் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள்.

மைக்ரோகோட் தவறால் பிராசசர் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்டதாக 2024 ஜூலையில் இண்டெல் அறிவித்தது. ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை மேலும் 2 ஆண்டு நீட்டியது. உங்களிடம் அந்த வகை இருந்தால், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயாஸை ஏற்றுங்கள். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட பிராசசரைத் திருத்தம் குணப்படுத்தாது. அதை உத்தரவாதத்தில் மாற்றித்தான் வாங்க வேண்டும்.

ரசீது பத்திரம்

காரணம் தெரிந்த பிறகு முழுப் பெட்டியைத் தூக்க வேண்டியதில்லை. கெட்ட பாகம், அதன் பெட்டி, ரசீது, சோதனைத் திரையின் படம், குறிப்பு நோட்டு இவை போதும். ரசீதின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். சோதனையைத் தள்ளிப்போட்டால் உத்தரவாதக் காலம் கரைந்துகொண்டே இருக்கும்.

விற்றவர் மாற்றித் தர மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் இம்மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நீங்கள் நாள்வாரியாக எழுதி வைத்த நோட்டு அங்கே உங்களுக்காகப் பேசும்.