மோட்டார் வண்டிக் குளிர்நீரின் வரலாறு

தண்ணீர் என்னும் சொல் தண்மை பொருந்திய நீர் என்று பொருள்படுவது. ஆயினும் வழக்கு வலியது. 'சுடுதண்ணீர்' என்று மக்கள் சிறிதும் தயங்காமல் சொல்லி வருகின்றனர். அம்முரண் சொல்லுக்கு மிகவும் பொருத்தமான பொருள் ஒன்று உண்டென்றால், அது மோட்டார் வண்டியின் முகப்பிலே அடைபட்டுக் கிடக்கும் நீரேயாகும். தொழிலால் அது குளிர்விப்பது. நிலையாலோ, வண்டி ஓடும்போதெல்லாம் கொதிநிலையை ஒட்டியே நிற்பது. பட்டறைகளில் இதனைக் 'கூலண்ட்' என்பர். இங்கே அது குளிர்நீர் எனப்படும்.

கடைகளில் விற்கும் குளிர்நீர்ப் புட்டிகள் பலவற்றின்மேல் 'உறைதடுப்பி' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரும் பொறித்திருக்கும். வெயிலும் மழையுமன்றி உறைபனியே காணாத மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறைதடுப்பி எதற்கு? வினா நியாயமானதே. ஆனால் 'தேவையில்லை' என்று தாமே விடை கூறிக்கொண்டு, குழாய்நீரையே ஊற்றி வருவோர் பலர். அவ்விடையின் விலை, சில ஆண்டுகள் கழித்துத் துருவேறிய ரேடியேட்டராகவும் வளைந்துபோன சிலிண்டர் ஹெட்டாகவும் வந்து சேர்கிறது. பெயர் ஒன்றைச் சொல்லப் பொருள் வேறொன்றைச் செய்யும் இந்நிலை எவ்வாறு வந்தது என்பதற்கு, மோட்டார் வண்டியின் பிறப்பிலிருந்தே தொடங்கவேண்டும்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும் கணத்தில் எழும் வெம்மை 2,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்டது. அலுமினியமோ 660 பாகையில் உருகிவிடும். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மற்றொரு பங்கை எவ்வாறேனும் வெளியேற்றியாக வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற தம் மூன்று சக்கர வண்டியில், இச்சிக்கலை மிக எளிய முறையில் தீர்த்தார். சிலிண்டரைச் சுற்றி நீரை நிறைத்தார். அது கொதித்து ஆவியாகும். ஆவி வெப்பத்தை வாங்கிக்கொண்டு காற்றிலே கலந்துவிடும். அடுப்பிலே வைத்த உலைப்பானைக்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

உலை வற்றினால் மீண்டும் நீர் ஊற்றத்தானே வேண்டும்? 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பென்சின் மனைவியார் பெர்த்தா, மைந்தர் இருவருடன் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியில் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பயணமே மோட்டார் வண்டியின் முதல் நெடும் பயணம் எனப் போற்றப்படுகிறது. வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் அவர் எரிபொருள் வாங்கியதை எல்லா நூல்களும் எடுத்துரைக்கும். அதனினும் பெரிய தொல்லை நீரால் நேர்ந்தது என்பதைச் சிலரே சொல்வர். வழியில் கண்ட கிணற்றிலும் ஓடையிலும் நீர் முகந்து ஊற்றிக்கொண்டே அவர்கள் செல்ல நேர்ந்தது. எரிபொருளைவிட நீரை மிகுதியாகக் குடித்த வண்டி அது.

ஆவியாக விட்டுவிடாமல், அதே நீரைக் குளிரச் செய்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழியைச் செம்மை செய்தவர் வில்ஹெல்ம் மேபாக். டெய்ம்லர் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டி, 1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் வென்று புகழ் பெற்றது. அதன் முகப்பில் இருந்த தேன்கூட்டு ரேடியேட்டரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழல்கள் இணைக்கப்பட்டிருந்தன. குழலுக்குள்ளே காற்று ஓட, குழல்களுக்கு இடையே நீர் ஓடியது. அவ்வளவு ஆற்றல் வாய்ந்த இஞ்சினுக்கு ஒன்பது லிட்டர் நீரே போதுமாயிற்று. பின்வந்த ரேடியேட்டர்கள் அனைத்தும் அவ்வமைப்பின் வழித்தோன்றல்களே எனலாம். 1908இல் வெளிவந்த ஹென்றி ஃபோர்டின் டி மாடல் வண்டியில், தொடக்கத்தில் வந்த சிலவற்றுக்குப் பின், நீர் இறைக்கும் பம்பும் நீக்கப்பட்டது. சுட்ட நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை விதியே நீரைச் சுழற்றியது.

உறைதடுப்பி என்னும் பெயர் பிறந்த இடம் இதுதான். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தினால் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகும். உறையும்போது நீர் விரிவடைவதால் இரும்பு இஞ்சினையே பிளந்துவிடும். அதற்கு அஞ்சி ஒவ்வோர் இரவும் நீரை வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் ஊற்றியோர் உண்டு. அதற்கும் சோம்பியவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்தனர். சர்க்கரையும் தேனும் பாகாகிக் குழாயை அடைத்தன. கால்சியம் குளோரைடு என்னும் உப்பு உலோகத்தை அரித்தது. கிளிசரின் குளிரில் தடித்தது. மரச் சாராயம் எனப்படும் மெத்தனால் நன்கு பயன்பட்டதாயினும், இஞ்சின் சூடேறியதும் ஆவியாகி ஓடிற்று, நச்சுத்தன்மையும் உடையது.

இக்குறைகளைத் தீர்த்த பொருள் நெடுநாளாக ஆய்வுக்கூடத்தில் உறங்கிக் கிடந்தது. எத்திலீன் கிளைக்கால் என்னும் அந்நீர்மத்தைப் பிரெஞ்சு வேதியியலறிஞர் அடால்ஃப் வூர்ட்ஸ் 1850களிலேயே ஆக்கியிருந்தார். முதல் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிலில் கிளிசரினுக்கு மாற்றாகச் சிறிது பயன்பட்டது. 1920களில் அமெரிக்காவில் அதனைப் பேரளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினர். 1927இல் 'பிரெஸ்டோன்' என்னும் பெயரில் அது வண்டிக்காரர்களிடம் வந்தது. தனித்த கிளைக்கால் 197 பாகையில்தான் கொதிக்கும். நீரோடு சரிபாதி கலந்தால், சுழிக்குக் கீழ் 37 பாகை வரை உறையாது. அதே கலவை கொதிப்பதற்கும் 107 பாகைக்கு மேல் வேண்டும். உறைவதைத் தடுக்க வந்த பொருள் கொதிப்பதையும் தள்ளிப்போட்டது. ஆனால் பெயரை இட்டவர்கள் பனி நாட்டவர்.

கொதிநிலையின் அருமையை முதலில் உணர்ந்து பயன்கொண்டோர் விமானம் கட்டியவர்களே. குளிர்நீர் மிகுந்த வெம்மையில் இயங்கினால் ரேடியேட்டர் சிறிதாகலாம். சிறிதானால் காற்றின் தடை குறையும். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மெர்லின் இஞ்சின் தொடக்கத்தில் தனிக் கிளைக்காலையே கொண்டிருந்தது. பின்னர் நீர் 70, கிளைக்கால் 30 என்னும் கலவையை அழுத்தத்தில் வைத்து இயக்குவதே சிறந்ததெனக் கண்டு மாற்றினர். வெப்பத்தைச் சுமப்பதில் நீருக்கு நிகர் நீரே. கிளைக்கால் அதில் பிற்பட்டது. தனிக் கிளைக்காலை ஊற்றினால் இன்னும் நன்றாகக் குளிரும் என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அழுத்த மூடி குடும்ப வண்டிகளிலும் பரவியது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் மூடியிருந்தால், சரிபாதிக் கலவை ஏறக்குறைய 130 பாகையில்தான் கொதிக்கும். சுமார் 1,800 மீட்டர் உயரமுள்ள கெந்திங் மலைமேல் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதை எண்ணினால், மூடியும் கலவையும் செய்யும் உதவி விளங்கும். சூடாயிருக்கும்போது அம்மூடியைத் திறந்தால், அடக்கி வைத்த நீர் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பாயும்.

இனி, வெப்ப நாட்டாருக்கு உரிய பகுதி. 1800இல் இத்தாலிய அறிஞர் வோல்டா இரு வேறு உலோகத் தகடுகளை உப்புநீர் தோய்ந்த துணியால் பிரித்து அடுக்கி மின்னோட்டம் உண்டாக்கினார். வண்டிக்குள்ளும் நிகழ்வது அதுவே. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவின் இஞ்சினில் உடல் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். பழைய ரேடியேட்டர்களில் செம்பும் பித்தளையும் ஈயப் பற்றும் இருந்தன. இத்தனை உலோகங்களையும் இணைத்து நிற்கும் நீரில் கரைந்த உப்புகள் இருக்குமானால், மெலிந்த உலோகம் அரிக்கப்பட்டுக்கொண்டே வரும். குழாய்நீரில் அவ்வுப்புகள் உண்டு. கிளைக்கால் மட்டும் இதனைத் தடுக்காது. சூட்டில் அது தானே அமிலமாக மாறும் இயல்பினது. அரிப்பைத் தடுப்பவை புட்டியில் சிறிதளவே சேர்க்கப்படும் காப்புப் பொருள்கள். வெப்ப நாட்டில் வாங்குவோர் உண்மையில் விலை கொடுப்பது அச்சிறு பங்குக்கே.

அப்பங்கில்தான் நாடுதோறும் வழி பிரிந்தது. சிலிக்கேட்டு உப்புகள் அலுமினியத்தின்மேல் விரைவில் ஒரு படலம் போர்த்தும். அமெரிக்கப் பழைய பச்சை நீரில் அவை இருந்தன. ஐரோப்பாவில் பல இடங்களில் கடினநீர் மிகுதி. பாஸ்பேட்டு அதனோடு சேர்ந்து படிவதால் அதனை விலக்கினர். ஜப்பானியரோ பம்பின் அடைப்பான் தேயுமென்று சிலிக்கேட்டை விலக்கிப் பாஸ்பேட்டைக் கொண்டனர். 1990களில் கரிம அமில வகை பரவியது. முந்தியவை இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழக்க, இவை ஐந்தாண்டு வரை நிற்பன. ஆனால் ஒன்றோடொன்றைக் கலந்தால் அந்நீண்ட ஆயுள் போய்விடும். சிலபோது கூழாகவும் படியும்.

நிறத்தைக் கொண்டு வகையறிய முயல்வது வீண். பச்சை, சிவப்பு, நீலம் என்பன வெறும் சாயம். அவற்றுக்கு உலகப் பொதுவிதி எதுவும் இல்லை. மிட்சுபிஷி வழிவந்த பழைய புரோட்டோன், டைஹட்சு வழிவந்த பெரோடுவா ஆகியவற்றுக்கு ஜப்பானிய மரபு நீர் பொருந்துவதில் வியப்பில்லை. எவ்வண்டிக்கும் அதன் கையேடு குறிக்கும் தரமே சான்று. செறிவுள்ளதை வாங்கினால் காய்ச்சி வடித்த நீரில் கலக்கவேண்டும்; கலந்தே விற்பதில் மேலும் நீர் சேர்க்கலாகாது. இஞ்சின் ஆறியிருக்கும்போது துணைத்தொட்டியில் நீர் இரு கோடுகளுக்கும் இடையே நிற்கவேண்டும். அடிக்கடி குறையுமானால் ஊற்றிக்கொண்டேயிருப்பது மருந்தன்று; கசிவைத் தேடுவதே முறை. பழுப்பு நிறம் துருவுக்கும், எண்ணெய் கலந்த பால்நிறம் கேஸ்கெட் உடைப்புக்கும் அறிகுறி.

வெப்ப நாடுதானே என்று 'தெர்மோஸ்டாட்' என்னும் சிறு கதவையே கழற்றி எறியும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இது கைவிடத்தக்கது. இஞ்சின் தன் உரிய சூட்டை அடையும்வரை நீரைத் தடுத்து நிறுத்துவது அக்கதவு. அது இல்லையேல் இஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும், எரிபொருள் வீணாகும், சிலிண்டர் தேய்மானம் மிகும்.

பிள்ளைகள் உள்ள வீட்டார் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய நஞ்சு. ஈரலில் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாய்ப் படிந்து அதனைக் கெடுக்கும். சிறு குழந்தைக்குச் சில மிடறே போதும். 1937இல் அமெரிக்காவில், இதன் உறவான டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்ற மருந்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அதன் பின்னரே 1938இல் அங்கே மருந்துச் சட்டம் கடுமையாயிற்று. 2022இல் இந்தோனேசியாவில் இவ்விரு பொருள்களும் கலந்த மருந்துப் பாகினால் இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். ஆகவே மிச்சக் குளிர்நீரைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பதும், பழையதை வாசலில் வடித்துவிடுவதும் பெருந்தீங்கு. நாயும் பூனையும் அவ்வினிப்பை நக்கி மடிவதுண்டு. தெரியாமல் குடித்துவிட்டவர், நோய்க்குறி தோன்றுமுன்னரே மருத்துவமனையை அடையவேண்டும். மாற்றுமருந்து உண்டு, காலந்தாழ்ந்தால் பயன்படாது.

மின்கலத்தால் ஓடும் வண்டிகள் வந்தபின் இஞ்சின் நீங்கியது; குளிர்நீர் நீங்கவில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மின்கலத் தொகுதியின் வெப்பத்தை அளவில் நிறுத்த நீரும் கிளைக்காலும் கலந்த அதே கலவையே சுழல்கிறது. பனி நாடுகளில், விடியற்காலையில் உறைந்து கிடக்கும் மின்கலத்தைச் சூடாக்குவதும் அதன் வேலையாகியிருக்கிறது.